ஒரு கோடியே முப்பத்தேழு லட்சத்துச் சொச்சம்

ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்களை இடைவெளி விடாமல் வரிசையாக எழுதினால் ஓர் எண் கிடைக்கும். 12,34,56,789. எண்ணக் கற்றுக்கொண்ட எந்தக் குழந்தையும் எழுதிவிடக்கூடிய எண்தான். எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகத் தெரியாத பிறவி நான். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தைந்து, ஆகவே ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும். வகுத்தால் 1,37,17,421. அதற்கு மேல் இது உடையுமா, உடையாதா? நான் கேட்டது இவ்வளவுதான். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து என் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் மாட்டுங்காவில் கல்லூரி முதலாண்டு. தாராவியில் எங்கள் சந்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிடச் சொல்லி ஊரிலிருந்தும் சந்திலிருந்தும் வந்த புத்திமதிகளை எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர். நான் கணக்குப் போடுவதை அவர் பார்க்கும் விதமே தனி. புரியாது. ஆனால் கண்ணை எடுக்கமாட்டார்.

இந்த மாதிரி எண்ணை உடைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று பகா எண்களாகப் பார்த்துக் கீழிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போவது. எல்லை உண்டு. இந்த எண்ணின் வர்க்கமூலம் 3703-க்குக் கொஞ்சம் மேலே. எந்த இரண்டு எண்களைப் பெருக்கி இது வந்தாலும் ஒன்றாவது அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். இரண்டுமே தாண்டினால் பெருக்கல் மிஞ்சிவிடும். எனவே 3703 வரை போனால் போதும். அதற்குள் எதுவும் வகுக்கவில்லை என்றால் அது உடையாத எண், பகா எண். பக்கத்துக் கொட்டடியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த பாய், தோல் சுற்றி வரும் பெரிய பழுப்புக் காகிதத் தாள்களை எனக்குத் தருவார். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அந்தத் தாளில் 3703 வரை எல்லா எண்களையும் எழுதி, பகு எண்களை அடித்து, மிஞ்சியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஐந்நூறுக்கு மேல் இருந்தன. உடையக் கூடாது என்பதே என் ஆசை. நான் கண்டெடுத்த எண் அல்லவா, அது முழுசாக இருக்க வேண்டும்.

வகுக்க ஆரம்பித்த வாரத்தில்தான் அப்பாவின் கண்ணில் ஆணி பாய்ந்தது.

ஈரத்தோலைப் பலகையில் இழுத்து விரித்து ஓரம் முழுக்க ஆணி அடிப்பார்கள். காய்ந்ததும் ஆணிகளைப் பறிப்பார்கள். விறைத்த தோல் விடும்போது ஆணி சில நேரம் தெறிக்கும். தெறித்தது இடது கண்ணில் பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, சில நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார். இடது கண் போய்விட்டது, இனி அதில் ஒன்றும் தெரியாது. அதோடு முடியவில்லை. காயம்பட்ட கண்ணை அப்படியே விட்டுவைத்தால் சில பேருக்கு நல்ல கண்ணும் அதைப் பார்த்து அழ ஆரம்பித்துவிடும். அப்புறம் அதுவும் போகும். இரண்டு வாரத்துக்குள் காயக்கண்ணை எடுத்துவிடுவது நல்லது. எடுத்தால் மற்றது பிழைக்கும்.

நான் அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"எடுத்துட்டு அங்கன என்னத்த வைப்பாவளாம்?"

"கண்ணாடில செஞ்ச கண்ணு வைப்பாங்களாம்ப்பா."

"கோலிக்குண்டு," என்றார் அப்பா. "கோலிக்குண்டு வச்ச மூஞ்சியோட டேனரிக்குப் போனா எந்த மேஸ்திரி கத்தியக் கையில குடுப்பான்?"

"அந்தக் கண்ணுலதான் ஒண்ணுந் தெரியலயே."

"தெரியாட்டி என்ன. அது என் கண்ணுல்லா."

அம்மா அவர் பக்கம். சாமி கொடுத்த உடம்பில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு போய்ச் சேரக்கூடாது என்பது அவள் எண்ணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கண்ணை எடுப்பது, சிவப்பு வந்தால் எடுக்காமல் விடுவது. அடுத்த வீட்டுச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னாள். சிவப்பு வந்தது.

"அம்மன் சொல்லிட்டா," என்று திருநீற்றை அப்பா நெற்றியில் பூசினாள்.

"இன்னொரு தடவ கட்டுனா வெள்ள வரும்மா. பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"ஏட்டி, வாயக் கழுவு. படிச்ச திமிரு."

கட்டிலில் படுத்திருந்த அப்பா சிரித்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. வெளிச்சம் படக்கூடாது என்று அப்போது அப்படித்தான் வைத்திருந்தார்கள். பொழுது போகாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டே கிடப்பார்.

"என்ன பிள்ளே, நாளெல்லாம் மந்திரம் சொல்லுத?"

"ஒரு நம்பர உடைக்கப் பாக்கேம்ப்பா."

"உடைச்சு?"

"உடையுதான்னு பாக்கேன். ஏழு மோதிப் பாத்துது, நாலு மிச்சம். பதிமூணு மோதிச்சு, மூணு மிச்சம். நாப்பத்தேழு வந்துச்சு, ஒரே ஒண்ணு மிச்சம். ஒண்ணுல தப்பிச்சிட்டு."

"அட. இதுவரைக்கும் எத்தன பேரு மோதியிருப்பாவ?"

"நூறு பேரு இருக்கும்."

"நூறு பேரா. ஒருத்தனாலயும் ஆவலயா?" அவர் முகத்தில் ஒரு மதிப்பு வந்தது, ஊர்ச்சண்டையில் நின்ற ஆளைப் பற்றிக் கேட்பதுபோல. பிறகுதான் அதைச் சொன்னார். "சரி. உங்கம்ம பூக்கிட்ட கேட்டா. நான் ஒன் நம்பர்ட்ட கேக்கேன். அது உடைஞ்சா நானும் உடையுதேன், ஆஸ்பத்திரிக்கு வாரேன். அது முழுசா நின்னா என் கண்ணும் என்கிட்டயே நிக்கட்டும்."

"எப்பா, இது வெளையாட்டில்ல. டாக்டர் சொன்னது..."

"நான் எங்க வெளையாடுதேன்? பூவுக்கு உங்கம்மயத் தெரியும். அவ மனசுக்கு ஏத்தாப்பல வரும். ஒன் நம்பருக்கு என்னயத் தெரியாது. அதான் கேக்கேன்."

எனக்கு அந்தக் கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. அதுவரை அது உடையக்கூடாது என்று ஆசைப்பட்டவள், அந்த நிமிஷத்திலிருந்து அது உடைந்தே தீரவேண்டும் என்று வகுக்க வேண்டும். ஆனால் அது உடைகிற எண்ணாக எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ திருப்பி வைப்போம்ப்பா," என்றேன். "முழுசா நின்னா ஆஸ்பத்திரி, உடைஞ்சா வீடு."

"பூக்கட்டினப் பொறவு பொட்டலத்த மாத்துவாவளா?"

பொய் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 'உடைந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை போதாதா? போதாது. அப்பா அதையும் யோசித்திருந்தார். "எந்த ரெண்டு நம்பரா உடைஞ்சுதுன்னு சொல்லணும். பாய் பெருக்கிப் பாப்பாவ. சரியா வந்தா சரி." இந்த வகை எண்களின் குணமே இதுதான். உடைக்கக் கை ஓய்ந்துபோகும். உடைத்ததைச் சரிபார்க்க ஒரு பெருக்கல் போதும். பொய்யான இரண்டு எண்களைக் கொண்டு போனால் பெருக்கலின் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன்.

மாமா வந்து அப்பாவை ஏசினார். "அண்ணாச்சி, இது என்ன கூத்து? டாக்டர் ஒண்ணு சொன்னா கேக்கணும். நம்பர்ட்டயா போயி கேப்பாவ?"

"பாய், எம்மவ எதுக்குப் படிக்கான்னு ஊரே கேட்டுது. நான் ஒருத்தன்ட்டயும் பதில் சொல்லல. இன்னைக்கு அந்தப் படிப்பு எனக்கு என்ன சொல்லுதுன்னு கேக்கேன். அதுல என்ன தப்பு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வகுத்தல்தான். விடிந்ததும் குழாயடி வரிசையில் குடத்தின் மேல் தாளை வைத்துக்கொண்டு, கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு, வீட்டில் அடுப்பு பற்றவைக்கும்போது. முந்நூறைத் தாண்டினேன், எழுநூறைத் தாண்டினேன். சின்ன எண்கள் ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆயிரத்துக்கு மேல் ஒவ்வொன்றும் இழுத்தது. ஒரு இடத்தில் கழித்தல் தப்பினால் மிச்சமே தப்பு, உண்மையில் வகுத்துவிட்ட எண்ணையும் அறியாமல் தாண்டிப் போய்விடுவேன். அந்தப் பயத்தில் ஒவ்வொன்றையும் இருமுறை. கட்டு அவிழ்த்து வலது கண்ணால் பார்க்க ஆரம்பித்த அப்பா மாலையில் நான் நுழையும்போதே கேட்பார்.

"இன்னைக்கி எத்தன பேரு?"

"இருபத்தஞ்சு பேரு."

"நிக்குதா?"

"நிக்குது."

"நிக்கும். எனக்குத் தெரியும்."

அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். ஒருநாள் காகிதத்தின் தலைப்பில் எழுதியிருந்த எண்ணுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். முதல் ஒன்றின் தலையில் ஒரு பொட்டு, கடைசி ஒன்றின் தலையில் ஒரு பொட்டு. நான் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "ஒங்கப்பாவக் காப்பாத்துத நம்பருட்டி. அதப் போட்டு நாளெல்லாம் இடிக்க. ஒனக்கு ஈரமே கெடயாது." குழாயடியில் பெண்கள் என்னைக் கேட்டார்கள், உடம்புக்கு முடியாத ஆளை விசாரிப்பதுபோல: "ஒங்க நம்பரு எப்படிட்டி இருக்கு?" நான் நல்லா இருக்கு என்றேன்.

நடுவில் மருந்து வாங்கப் போனபோது டாக்டர் ஒருமுறை கேட்டார், எப்போது கூட்டி வருகிறாய் என்று. அப்பா யோசிக்கிறார் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றார் அவர். அதுவும் சரிதான்.

இரண்டாயிரம் போயிற்று. மூவாயிரம் போயிற்று. அப்பா அடிக்கடி துண்டால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கவனித்தேன். "அடுப்புப் பொகை," என்றார். எங்கள் வீட்டில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில்தான். புகை எப்போதும்தான் இருந்தது.

மூவாயிரத்து முந்நூறைத் தாண்டியபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இன்னும் ஐம்பதோ அறுபதோதான் பாக்கி. அவற்றிலும் ஒன்றும் நடக்காவிட்டால் அது முழு எண். அப்பாவும் கண்ணை முழுசாக வைத்துக்கொள்வார். ரசாயன வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே நிறுத்தலாம் என்று மறுபடி கணக்குப் போட்டேன். ஒன்றிரண்டு எண்களாவது மிச்சமாகும் என்ற நப்பாசை இல்லை. இன்னும் நாலைந்து எண்கள் கூடுதலாகக் கிடைக்காதா என்ற நப்பாசை. 3703-ஐ வர்க்கப்படுத்தினால் எண்ணுக்குக் குறைவு. 3704-ஐ வர்க்கப்படுத்தினேன்: 1,37,19,616. எண்ணைவிட 2,195 அதிகம். விளிம்பு அங்கேதான், சந்தேகமில்லை. கை நிற்கவில்லை, 3705-ஐயும் போட்டது. 1,37,27,025. எண்ணைவிட 9,604 அதிகம்.

9,604.

நூறு வரைக்கும் எல்லா எண்களின் வர்க்கமும் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வதற்காக உருப்போட்டது. 9,604 என்பது 98-இன் வர்க்கம். அப்படியானால் என் எண், 3705-இன் வர்க்கத்திலிருந்து 98-இன் வர்க்கத்தைக் கழித்தது. ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கூட்டியதையும் கழித்ததையும் பெருக்கினால் வரும். 3705-உடன் 98-ஐக் கூட்டினால் 3803. கழித்தால் 3607. முடிந்தது.

எவ்வளவு அழகு என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன், அந்த ஒரு நொடி அப்பாவோ ஆஸ்பத்திரியோ நினைவில் இல்லை. நான் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். அதுவோ மேல்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்திருந்தால் இரண்டே வரி. பிறகு நூலகத்தில் தேடியபோது, இப்படி மேலிருந்து இறங்கிப் பார்க்கும் முறை வெகுகாலமாகவே இருக்கிறது என்று தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை, பரீட்சைக்கு வராது.

ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே வந்தேன். ரயில் பாலம் ஏறி இறங்கி, டேனரி நாற்றம் தொடங்கும் இடத்தில்தான் மூச்சு வாங்க நின்றேன்.

"எப்பா, உடைஞ்சிட்டு."

அவர் கட்டிலில் உட்கார்ந்து துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எது?"

"மூவாயிரத்து எண்ணூத்தி மூணு. மூவாயிரத்து அறுநூத்தி ஏழு. ரெண்டே ரெண்டு."

"பாயக் கூப்புடு."

மாமா பட்டறையிலிருந்து வந்தார். தோல் வெட்டக் கோடு போடும் சாக்கட்டியும் கையோடு வந்தது. எங்கள் வீட்டுத் தகரச் சுவரிலேயே எழுதிப் பெருக்கினார். எனக்கு வாயைத் திறக்க அனுமதியில்லை. "ஏழால பெருக்குனா இருபத்தாறாயிரத்து அறுநூத்தி இருபத்தொண்ணு... அறுநூறால பெருக்குவோம்..." கடைசி வரியைக் கூட்டி, சுவரிலிருந்து படித்தார். "நாலு, ரெண்டு, ஒண்ணு. முன்னால பதினேழு. முன்னால முப்பத்தேழு. முன்னால ஒண்ணு."

"மறுக்கா கூட்டும்."

மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது.

"தப்பா இருந்தா சொல்லிரும் பாய்," என்றாள் அம்மா. "இவ மொகத்துக்காவ சொல்லாதேயும்."

"தப்பில்லக்கா. கணக்கு பக்கா."

அப்பா தலையாட்டினார். இத்தனை நாள் நின்ற ஆள் விழுந்துவிட்டான், அவ்வளவுதான் என்பதுபோல. "சரி. சொன்னா சொன்னதுதான். காலைல போவோம்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அழாத. ஒன் பூவும் பொய் சொல்லல, இவ நம்பரும் பொய் சொல்லல. கேட்டது நான்."

காலையில் டாக்டர் முதலில் இடது கண்ணைப் பார்க்கவில்லை. வலது கண்ணில் விளக்கை அடித்து, இமையைப் பிரித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், இது எப்போதிலிருந்து சிவந்திருக்கிறது, எப்போதிலிருந்து வெளிச்சம் கூசுகிறது.

"எப்போலேருந்துப்பா?"

"நாலஞ்சு நாளா இருக்கும்," என்றார் அப்பா. "சொன்னா நீ வகுக்கத விட்டுருவே."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நாலைந்து நாள் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் உதவியாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நீண்ட சொல். கல்லூரி இங்கிலீஷுக்கு எட்டாத சொல், ஆனால் அவர் சொன்ன தொனியில் புரிந்துவிட்டது.

காயக்கண்ணை மறுநாளே எடுத்தார்கள். வலது கண்ணுக்கு ஊசி, சொட்டு மருந்து, மறுபடி ஊசி. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது, சில பேருக்கு எடுத்த பிறகும் வருவதுண்டு என்றார். அவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 1,37,17,421 விஷயத்தில் அப்படிச் 'சொல்ல முடியாது' என்று எதுவும் இல்லை. அது 3607-ம் 3803-ம் பெருக்கியது. ஆணி தெறிப்பதற்கு முன்பும் அப்படித்தான், தாராவியில் முதல் தோல் காய்வதற்கு முன்பும் அப்படித்தான். அம்மா கட்டிய பூவில் அம்மாவின் ஆசையாவது இருந்தது. நாங்கள் இந்த எண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தது, எப்போதோ தீர்ந்துபோன ஒரு சங்கதியை.

மழை ஆரம்பித்த பிறகு ஒருநாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். அப்பா மர ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். துணித்தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா.

டாக்டர் சன்னல் பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். வெளிச்சம் தெரிகிறதா?

"தெரியுது," என்றார் அப்பா. குரலில் சந்தோஷம். "நல்லாவே தெரியுது. வெள்ளையா."

டாக்டர் இரண்டடி தள்ளி நின்று மூன்று விரலைக் காட்டினார். "கித்னா?" எத்தனை என்று கேட்டார்.

அப்பா முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினார். டாக்டர் இன்னும் கிட்டே வந்து காட்டினார். அப்பாவின் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. லேசாக அழுத்தினார். பதில் கேட்கிறார் என்று புரிந்தது. நான் அசையாமல் நின்றேன். டாக்டர் கையை இறக்கிவிட்டு மேஜைக்குப் போய் எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு," என்றார் அப்பா, எதிரே இருந்த சுவரைப் பார்த்து. "ரெண்டு வெரலு."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள். "சரியாச் சொல்லிட்டாவளாட்டி?"